ஒற்றைக் காக்டெயில் வளர்க்கும் வீட்டாருக்கு

அன்புள்ள காக்டெயில் வீட்டாருக்கு,

பறவை வளர்ப்பவன் என்று தெருவில் பெயரெடுத்துவிட்டால் மளிகைக் கடையிலும் மாடிப்படியிலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அண்மைக் காலமாக எல்லாக் கேள்விகளும் ஒரே திசையில் வருகின்றன. "தோளை விட்டு இறங்கவே மாட்டேங்குது சார்." "நான் குளிக்கப் போனாப் போதும், வெளிய வர்ற வரைக்கும் கத்துது." "வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே கொத்துது, என்கிட்ட மட்டும் கொஞ்சுது." "கையில எதையோ கக்குது, வயிறு சரியில்லையோ?" ஒரு பாட்டி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கால் பெருவிரல்ல ஏறி உக்காந்துகிட்டு ஏதோ பண்ணுதுப்பா, வலிப்பு வந்த மாதிரி" என்றார். இத்தனைக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் பெரும்பாலோர் வளர்ப்பது ஒற்றைப் பறவை. இறகு சரியாக முளைக்காத குஞ்சாக வாங்கி வந்து, சிரிஞ்சில் கூழ் ஊட்டி வளர்த்தது. அது உங்கள் விரலைப் படியாகவும் தோளைக் கிளையாகவும் நினைத்து வளர்ந்தது. ஆறாவது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் எப்போதோ சிக்கல் தொடங்குகிறது. "நல்லாத்தான் இருந்துச்சு, இப்பக் கெட்டுப் போச்சு" என்கிறீர்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. பறவை வயதுக்கு வந்திருக்கிறது. நீங்கள்தான் தன் ஜோடி, உங்கள் ஃப்ளாட்தான் தன் மரப்பொந்து என்று முடிவு செய்திருக்கிறது. அப்படி முடிவு செய்ய வேண்டிய சாட்சியங்களை அன்றாடம் அதன் முன் வைத்தவர்கள் நாம்தான்.

இந்தப் பறவையின் சொந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காக்டெயில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை. காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. 80 முதல் 100 கிராம் எடை, வால் நுனிவரை அளந்தால் ஓர் அடிக்குச் சற்றுக் கூடக்குறைய. அங்கே மழை நம் ஐப்பசி கார்த்திகைபோல மாதம் பார்த்து வருவதில்லை. பெய்தால் பெய்தது, இல்லையென்றால் வருடக்கணக்கில் இல்லை. அதனால் இவை நீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகின்றன. எங்கோ நல்ல மழை பெய்து, புல் விதை கட்டி, நீர்நிலைக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் மரப்பொந்து ஒன்று கிடைத்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் முட்டையிடும். பொந்தைப் பார்வையிடுவதில் ஆணுக்கும் பங்கு உண்டு. அடைகாப்பதையும் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெண்.

ஆக, இது நாள்காட்டியைப் பார்த்துக் குடும்பம் நடத்தும் பறவை இல்லை, வாய்ப்பைப் பார்த்து நடத்துவது. இரை தாராளமாக இருக்கிறதா, வெளிச்சம் நீண்டிருக்கிறதா, பொந்து இருக்கிறதா, ஜோடி அருகில் இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் உடம்பு வேலையைத் தொடங்கிவிடும். வாய்ப்பு போனதும் விரையும் சினைப்பையும் சுருங்கி ஓய்வுக்குப் போகும். பறவை உடம்பில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. பருவத்தில் விரைகள் பல மடங்கு பருத்து, பருவம் போனதும் வற்றிச் சுருங்கும். உடம்பு அப்படி ஓய்ந்து கிடக்கும் மாதங்கள்தான் பறவையின் ஆயுளைக் காக்கின்றன. நம் வீடுகளில் அந்த ஓய்வுதான் கிடைப்பதில்லை. மண்டபம் முழுக்க சீரியல் லைட்டும் நாதஸ்வரமும் வைத்துவிட்டு, "கல்யாணம் ஒன்றும் இல்லையே, ஏன் எல்லாரும் பட்டுப்புடவையில் வருகிறார்கள்?" என்று கேட்பதைப் போலத்தான் இருக்கிறது நம் கதை.

முதலில் வெளிச்சம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதுகிறவர்கள் இதை வசந்தகாலச் சிக்கல் என்பார்கள். அங்கே குளிர்காலத்துக்கும் கோடைக்கும் பகல் நீளம் பல மணி நேரம் மாறும். சென்னையில் அப்படி இல்லை. ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பர்ப் பகல் 11 மணி 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரிப் பக்கம் அதுவும் குறைவு. எனவே நம் ஊர்க் காக்டெயிலுக்கு வசந்தத்தைச் சூரியன் கொண்டுவருவதில்லை, ஹாலில் எரியும் ட்யூப்லைட் கொண்டுவருகிறது. காலை ஆறு மணிக்குச் சூரியனோடு எழும் பறவை, ராத்திரி பதினொன்றுவரை டிவியின் முன்னால் உங்களோடு விழித்திருந்தால் அதன் பகல் 17 மணி நேரம். அத்தனை நீளமான பகல் தமிழ்நாட்டில் எந்த மாதத்திலும் கிடையாது.

"அது கண்ணை மூடித் தூங்கிட்டுத்தான் சார் இருக்கும்" என்று சொல்வீர்கள். பறவைகளின் மூளைக்கு உள்ளேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி வெளிச்சம் நேராக அங்கே போய்ச் சேரும். இனப்பெருக்க ஹார்மோன்களை முடுக்கிவிடுவதில் கண்ணைவிட இந்தச் செல்களுக்குத்தான் பெரிய பங்கு. கண்ணை மூடிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் பறவையின் மூளையில் இன்னும் பொழுது சாயவில்லை.

மாலை ஏழுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும் 12 மணி நேர இருட்டைப் பறவைக்குக் கொடுங்கள். இருப்பதிலேயே செலவு குறைந்த மருந்து இதுதான். பல வீடுகளில் இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இது லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும். இரவுக்கென்று ஒரு சின்னக் கூண்டை வாங்கி, ஆள் புழங்காத அறையில் வையுங்கள். சமையலறை மட்டும் வேண்டாம்; சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் புகை பறவையின் நுரையீரலுக்கு நஞ்சு. மெல்லிய கருப்புப் பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் காற்றுக்கு விட்டால் போதும். சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திப் புழுங்க விடாதீர்கள். இன்னொன்று, காக்டெயில்களுக்கு இருட்டில் திடுக்கிட்டுப் படபடவென்று கூண்டில் மோதிக்கொள்ளும் சுபாவம் உண்டு. சுவரில் பல்லி ஓடினாலும் தீபாவளி வெடி கேட்டாலும் நடக்கும். அதனால் அறையின் தூரத்து மூலையில் ஒரு ஜீரோ வாட் பல்பு இருக்கட்டும். அந்த மங்கல் வெளிச்சம் தன் கம்பியைப் பார்த்துக்கொள்ள அதற்குப் போதும்.

அடுத்தது பானை. கடையில் கூண்டு வாங்கும்போதே மண்பானை ஒன்றை அல்லது மரப்பெட்டி ஒன்றை மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். "பறவைக்குத் தூங்க வீடு வேணாமா?" என்பார் கடைக்காரர். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் காக்டெயில் பொந்தில் தூங்கும் பறவை இல்லை. கிளையில் உட்கார்ந்து தூங்குவது. பொந்துக்குள் அது போவது முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும் மட்டும். ஒற்றைப் பறவையின் கூண்டில் பானையைத் தொங்கவிடுவது, 'இடம் தயார், முட்டை எங்கே?' என்று நாள்தோறும் கேட்பதுதான். துணியில் தைத்து விற்கும் கூடாரங்களும் 'ஹட்'களும் இதே வகை.

பானையைக் கழற்றியதும் பறவை வேறு பொந்து தேடும். சோபாவின் பின்புறம், வாஷிங் மெஷினின் அடி, புத்தக அலமாரியின் மேல்தட்டு, பூஜை அலமாரியின் இடுக்கு, கொடியில் தொங்கும் போர்வையின் மடிப்பு என்று எதுவும் தப்பாது. உங்கள் ஆண் பறவை சோபாவுக்குப் பின்னால் போய்க் கொஞ்சும் குரலில் கூப்பிடுவதைக் 'கண்ணாமூச்சி ஆடுது' என்று நினைத்திருப்பீர்கள். வீடு பார்த்தாகிவிட்டது, வந்து பார் என்று உங்களை அழைக்கிறது. அந்த இடுக்குகளை அடைத்துவிடுங்கள். கூண்டின் தரையில் விரித்த செய்தித்தாளைப் பெண் பறவை கீற்றுக் கீற்றாகக் கிழித்து மூலையில் சேர்த்தால், தாளுக்கு மேல் ஒரு கம்பித் தட்டு போடுங்கள்.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பீரோக் கண்ணாடி ஒன்று கட்டாயம் இருக்கும். எவர்சில்வர் குடம், டிஃபன் டப்பா, அணைத்து வைத்த டிவி, செல்போன் திரை என்று பிம்பம் காட்டும் பொருள்கள் வேறு. ஆண் காக்டெயில் கண்ணாடி முன் மணிக்கணக்கில் விசில் அடிக்கும், அலகால் டொக் டொக்கென்று தட்டும், இறக்கைகளை உடம்பிலிருந்து லேசாக விலக்கிப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இதய வடிவம் மாதிரியே இருக்கும், அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறோம். அது துணைக்கு முன்னால் ஆடும் ஆட்டம். ஆடட்டும், தவறில்லை. ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் துணை ஒருநாளும் பதில் சொல்லாது, விலகியும் போகாது. ஓய்வே இல்லாமல் ஒரு பறவை நாள்முழுக்கக் காதலித்துக்கொண்டே இருக்கும்படி செய்வது கொடுமை. கூண்டில் தொங்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். பீரோவுக்கு ஒரு திரை போடுங்கள்.

சாப்பாட்டில் நாம் செய்வதெல்லாம் அன்பினால்தான். சாதம், அவித்த முட்டை, ஊறவைத்த பயறு, வெதுவெதுப்பான கிச்சடி. கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை எப்போதும். ஜோடி போட்டு முட்டை எடுக்கிறவர்கள் தம் பறவைகளுக்கு அவித்த முட்டையும் முளைப்பயறும் கொடுப்பது எதற்காக? பருவத்தைக் கிளப்பத்தான். நம் ஒற்றைப் பறவைக்கும் அதையே ஊட்டிவிட்டு ஆச்சரியப்படக் கூடாது. வெதுவெதுப்பான, கூழான உணவு பறவைகளின் உலகில் துணை தன் வாயிலிருந்து ஊட்டும் உணவு. பருவக் கோளாறு தீரும்வரை அவற்றை நிறுத்துங்கள். தினை, கம்பு போன்ற சிறுதானியம், பெல்லட் தீவனம் கிடைத்தால் அது, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் போதும். அதையும் கிண்ணத்தில் கொட்டாமல், காகிதத்தில் பொதிந்தும் தேங்காய்ச் சிரட்டையில் மறைத்தும் வைத்துத் தேடித் தின்ன விடுங்கள். காட்டில் பகலின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போய்விடும். வீட்டில் பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்த பறவைக்கு மீதிப் பொழுதுக்கெல்லாம் நீங்கள் ஒருவர்தான் வேலை.

பிறகு நம் கை. தலையையும் கன்னத்தையும் கழுத்தையும் சொறிந்து கொடுங்கள். கொண்டையைத் தாழ்த்திக் கண்ணை மூடி நிற்கும், பார்க்கவே நிறைவாக இருக்கும். கூட்டத்தில் ஒரு பறவை இன்னொன்றுக்குச் செய்யும் உபசாரம் அது. முதுகைத் தடவுவது, இறக்கைக்கு அடியில் விரல் விடுவது, வாலடியைத் தொடுவது, உடம்பையே உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பது, சட்டைப் பைக்குள்ளோ துப்பட்டாவுக்குள்ளோ போட்டுக்கொள்வது, இவை வேண்டாம். பறவைக்கு முதுகில் படும் கை இணைசேர அழைப்பு. பொத்திய கை இருட்டுப் பொந்து. நாய்க்கும் பூனைக்கும் பழகிய கையை இங்கே கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஒருவர் மட்டும் தடவிக்கொண்டே இருந்தாலும் போதும், மற்றவர்களின் கட்டுப்பாடு வீணாகிவிடும்.

இப்போது பாட்டி கேட்ட விஷயம். கால் விரலிலோ பொம்மையிலோ உட்காரும் குச்சியிலோ ஆண் பறவை பின்புறத்தை உரசி, மெல்லிய குரலில் முனகினால் அது வலிப்பும் இல்லை, நோயும் இல்லை. பெண் பறவை முதுகைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறக்கை நடுங்கக் குரல் கொடுத்தால் அதுவும் அப்படியே. துணையை நினைத்து உடம்பு செய்யும் வேலை. அதட்ட வேண்டாம், எல்லாரும் கூடிச் சிரிக்கவும் வேண்டாம். சிரிப்பைப் பறவை பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும். சத்தமில்லாமல் கையிலிருந்து இறக்கிக் குச்சியில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 'காக்டெயில் டான்ஸ்' என்று பரவும் குறும்படங்களில் பல இதுதான் என்று தெரிந்தால் அனுப்பியவர்களே கூச்சப்படுவார்கள்.

கையில் கக்குவதும் நோயாக இருக்க வேண்டியதில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டி, குறிபார்த்து உங்கள் விரலிலோ காதிலோ விதையைக் கொண்டுவந்து வைத்தால் உங்களுக்கு ஊட்டிவிடுகிறது. தலையைப் பக்கவாட்டில் உதறி நாலாபக்கமும் தெறிக்கிற மாதிரி கக்கி, தலையிறகு பிசுபிசுத்து, சோர்ந்து உட்கார்ந்தால் அது வாந்தி. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொத்தும் சிக்கலுக்கு வருகிறேன். "என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, அதான் அவரைக் கடிக்குது" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமை தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். பறவை தன் பொந்தையும் ஜோடியையும் காவல் காக்கிறது. நாள் முழுக்க ஓயாமல் காவல் இருப்பது அதற்கு நிம்மதி தரும் வேலை இல்லை. இதற்கு மருந்து, நீங்கள் கொஞ்சம் பின்வாங்கி மற்றவர்கள் முன்வருவதுதான். அதற்கு மிகப் பிடித்த தினைக்கதிரை இனி அந்த வீட்டுக்காரர் மட்டும் கொடுக்கட்டும். கூண்டிலிருந்து காலையில் வெளியே எடுப்பது அவராக இருக்கட்டும், நீங்கள் அந்த நேரம் வேறு அறையில் இருங்கள். தோளில் ஏற்றுவதைக் குறைத்து, மேசையில் ஒரு குச்சி நட்டு அதில் உட்கார வையுங்கள். தோள் என்பது உங்கள் முகத்துக்கு ஓர் அங்குலத் தொலைவு. பருவம் ஏறிய பறவைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு உதடு கிழிந்தது என்று வருந்துவதில் பயனில்லை.

ஒட்டிக்கொள்வது எல்லாமே ஹார்மோன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்துப் பறவைக்குத் தனிமை என்றால் பருந்துக்கு இரையாவது. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கூட்டாளி போனதும் 'எங்கே இருக்கிறாய்?' என்று ஒரு குரல் கொடுக்கும். மற்றது 'இங்கேதான்' என்று பதில் கொடுக்கும். நீங்கள் குளியலறைக்குப் போனதும் அது கத்துவது இந்தக் குரல். பதில் கிடைக்காவிட்டால் உரக்கக் கத்தும். ஓடிவந்து, "என்னடா செல்லம்!" என்று தூக்கினீர்களானால், இவரை வரவழைக்க இவ்வளவு உரக்கக் கத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். முதல் மெல்லிய குரலுக்கே இருந்த இடத்திலிருந்து ஒரு சின்ன விசில் பதிலாகக் கொடுங்கள், எப்போதும் ஒரே விசில். கத்தல் நின்று ஒரு மூச்சு அமைதி வந்த பிறகு அறைக்குள் வாருங்கள். கூண்டை வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் பாதிப் பயம் போய்விடும். தனக்குத்தானே விளையாடிக்கொள்ளும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு அறைக்குள் பறக்க விடுங்கள்; ஓடும் சீலிங் ஃபேனில் அடிபட்டுச் செத்த பறவைகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. பறந்து களைத்த பறவை தோளில் கிடந்து வம்பு செய்வது குறைவு.

இதற்கு நேர்மாறாக, இதுவரை தன்பாட்டுக்குத் திரிந்த பறவை ஒருநாள் திடீரென்று உங்கள் கழுத்தோடு ஒட்டி, இறகைச் சிலிர்த்து, பகலிலேயே தூங்கி வழிந்தால் கொஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, காலையில் எச்சமிட்ட பிறகு, இரை எடுக்கும் முன் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். 90 கிராம் பறவை 81க்கு வந்துவிட்டால் அது பருவமும் பாசமும் இல்லை, நோய்.

"பாவம், அதுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுடுங்களேன்." இந்த யோசனை எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் வாயிலிருந்து வரும். பிள்ளைக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று நினைக்கிற ஊர் இது. பறவையை மட்டும் விடுவோமா? துணைப் பறவை நல்லதுதான், பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கும் பறவைக்கு மிகவும் நல்லது. ஆனால் பருவக் கோளாறுக்கு மருந்தாக அதை வாங்காதீர்கள். 17 மணி நேரப் பகலும் பானையும் அவித்த முட்டையும் அப்படியே இருக்க இன்னொன்றைக் கொண்டுவந்தால் ஒரு பறவையின் சிக்கல் இரண்டு பறவையின் சிக்கலாகும், பிறகு குஞ்சுகளின் சிக்கலாகும். முதலில் வீட்டைச் சரிசெய்து, பறவை அடங்கிய பிறகு வாங்குங்கள். ஒரே பாலினப் பறவைகளும் நன்றாகப் பழகும். மனிதர் கையில் தனியாக வளர்ந்த பறவை இன்னொரு காக்டெயிலை ஏறெடுத்தும் பார்க்காமல் போகவும் கூடும். அது எதோடு வளர்ந்ததோ அதையே தன் இனம் என்று நினைக்கும்.

1980களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காக்டெயில்களை வைத்து இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தார்கள். கையில் ஊட்டி வளர்த்தவற்றுக்கும் தாய் தந்தை வளர்த்தவற்றுக்கும் இணைசேரும் நடத்தையில் வேறுபாடு இருப்பதைக் கண்டார்கள். பகல் நீளம், கூட்டுப்பெட்டி, துணையோடு எவ்வளவு நெருக்கம் என்ற மூன்றும் ஹார்மோனோடு எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்றும் பார்த்தார்கள். நம் வீட்டில் ட்யூப்லைட், பானை, தோள் என்று இருப்பவைதான் அந்த மூன்றும்.

பெண் பறவை வைத்திருப்பவர்கள் இனிமேல் சொல்வதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆண் துணை இல்லாமலும் பெண் காக்டெயில் முட்டையிடும். ஒரு முட்டை ஏறக்குறைய 5 கிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து முட்டை என்றால், தன் எடையில் கால்பங்கை அது பத்து நாளில் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும். வெறும் விதையைத் தின்று வளரும் பறவைக்கு அந்தக் கையிருப்பும் குறைவு.

முட்டையைப் பார்த்ததும் எடுத்துக் குப்பையில் போடுவதுதான் எல்லாரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். கூட்டில் இத்தனை சேர்ந்தால் போதும் என்ற நிறைவு வரும்வரை இடுகிற இனம் இது. எடுக்க எடுக்க இட்டுக்கொண்டே இருக்கும். ஆண் பறவை இல்லாத வீட்டில் அந்த முட்டை பொரியப் போவதில்லை. அங்கேயே விட்டு, அது உட்கார்ந்து பார்த்துச் சலித்து எழுந்து போகும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், பொறுத்திருங்கள். ஆண் இருக்கிற வீட்டில் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் முட்டையை மாற்றி வைக்கலாம். கணவாய் ஓடு, கடைக்காரர் 'கடல் நுரை' என்று தருவாரே, அது கூண்டில் எப்போதும் இருக்கட்டும். காலை வெயில் கண்ணாடி ஜன்னலின் வழியாக இல்லாமல் நேரடியாகப் படட்டும்; கண்ணாடி, வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைத் தடுத்துவிடும். ஒரு தடவை முட்டையிட்டு ஓய்ந்தால் கவலை வேண்டாம். அடுத்த மாதமே மறுபடி, அதற்கடுத்தும் மறுபடி என்றால் அது நோய், சிகிச்சை உண்டு. லூப்ரோலைடு என்ற ஊசி காக்டெயிலின் முட்டையிடுதலைத் தற்காலிகமாக நிறுத்தும் என்று 1994இலேயே டேவிஸ் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தோலுக்கு அடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மருந்தும் இருக்கிறது. இவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. விளக்கும் பானையும் மாறாத வீட்டில் ஊசியின் வேகம் தீர்ந்ததும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் இந்தக் கடிதத்தில் ஒரு பத்தி. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில் வெளிநாட்டுப் பறவை, உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலிலும் இல்லை. அதனால் பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலும் கொளத்தூர்க் கடைகளிலும் உங்கள் கையைத் தாண்டித்தான் இவை வீடுகளுக்குப் போகின்றன. ஒற்றைக் குஞ்சு கேட்பவருக்குப் பானையை மாட்டிக் கொடுக்காதீர்கள். இனப்பெருக்க டானிக்கைச் 'சத்து மருந்து' என்று சொல்லி விற்காதீர்கள். தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை முதல்முறை வளர்ப்பவர் கையில் கொடுத்து, "அப்பத்தான் சார் நல்லாப் பழகும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். தானாகத் தின்னப் பழகிய குஞ்சும் பொறுமை உள்ளவரிடம் நன்றாகவே பழகும்.

கடைசியாக ஓர் அவசரச் செய்தி. பெண் பறவை கூண்டின் தரையில் காலை அகட்டி, இறகைச் சிலிர்த்து உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆட, முக்கி முக்கிப் பார்த்தும் எதுவும் வரவில்லை என்றால் முட்டை சிக்கியிருக்கிறது. வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் பிழைப்பது அரிது. எண்ணெய் விடுவது, விரலால் எடுக்கப் பார்ப்பது எதுவும் வேண்டாம். ஏசியை அணைத்து, 30 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக ஒரு பெட்டியில் வைத்து உடனே புறப்படுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விட்ட பறவை பல நேரம் காலையைப் பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கங்கே கல்லூரிகள் இருக்கின்றன. நாயும் மாடும் பார்க்கிற மருத்துவர்கள் எல்லாரும் 90 கிராம் பறவையைத் தொட்டுப் பழகியவர்கள் இல்லை. உங்கள் ஊரில் பறவை பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா, இரவில் எடுப்பாரா என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு காக்டெயில் வீட்டுக்காரன்